குறுக்கே வந்த ஆடு

ஜூலை 8, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்பில் தோற்ற பிள்ளையின் எழுத்தாக இருக்கிறது. ஆகவே சுருக்கம்.

வலது மணிக்கட்டில் ஒரு தகடு, ஆறு திருகுகள். வலது முழங்காலில் தசைநார் கிழிவு. "இனிமே பைக் வேண்டாம்" என்றார் எலும்பு மருத்துவர். 'இனிமே' என்பது எத்தனை மாதம் என்று கேட்டேன். கோப்பில் என் வயதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

ஜூலை 9, செவ்வாய்

பதிவுக்காக: ஜூன் 22, சனிக்கிழமை, காலை எட்டேகால், மணிமுத்தாறு சாலை. ஆடு குறுக்கே வந்தது. வண்டியை ஒடித்தேன். விழுந்தோம். பின்னால் உட்கார்ந்திருந்த தோழி எமிலிக்கு இடுப்பெலும்பு முறிவு, தலைக்கவசத்தில் விரிசல். ஆட்டுக்கு ஒன்றுமில்லை.

ஜூலை 14, ஞாயிறு

எரிச்சல் இடது கையையும் வேகப்படுத்துகிறது.

பார்க்க வந்தவர்கள் இதுவரை பதினேழு பேர். எல்லோரிடமும் ஆரஞ்சுப் பழமும் ஒரே கேள்வியும்: அறுபத்தொன்பது வயதில் ஒரு பெண்பிள்ளைக்கு புல்லட் எதற்கு? முப்பத்தெட்டு வயதில் அதை வாங்கியபோதும் இதைத்தான் கேட்டார்கள். கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இயற்பியல் நடத்தியிருக்கிறேன். இரு சக்கரத்தில் ஓடும் பொருள் ஓடும்வரை விழாது என்பதைப் பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒருவருக்கும் மண்டையில் ஏறவில்லை.

எதிர்வீட்டு முன்னாள் தாசில்தார் மட்டும் புதிதாக ஒன்று சொன்னார்: "ஒரு கல்யாணம் காட்சின்னு ஆகியிருந்தா இப்படி எலும்ப முறிச்சிக்கிட்டுக் கெடக்க வேண்டாம்லா."

"ஆகியிருந்தா முன்னாடியே முறிஞ்சிருக்கும்" என்றேன். அவர் மனைவி சிரிப்பை அடக்க ஆரஞ்சு உரிக்கத் தொடங்கினாள்.

ஜூலை 17, புதன்

பேச்சியம்மாள் காலையில் எனக்கும் மதியத்தில் எமிலிக்கும் சமைக்கிறாள். இரண்டு வீட்டுச் செய்திகளும் அவள் வாய்வழியே, கேட்காமலேயே வந்து சேர்கின்றன.

"எமிலியம்மா இன்னைக்கு வாக்கர்ல நாலு எட்டு வச்சாவ. ஆவுடை எப்ப வருவான்னு உங்களக் கேட்டாவ."

"முழங்கால் சரியாகட்டும்."

"நேத்து தபால் ஆபீஸ் வரைக்கும் போனிய."

தபால் அலுவலகம் சமதளத்தில் இருக்கிறது. எமிலி வீட்டு வாசலில் மூன்று படிகள்.

ஜூலை 20, சனி

சனிக்கிழமை. எங்கும் போகவில்லை.

ஜூலை 25, வியாழன்

இயன்முறை மருத்துவர் ஷகிலா பானு, முப்பது வயது, மேலப்பாளையத்துக்காரி. என் விரல்களை மடக்கும்போது அவள் முகத்தில் சிறிதும் இரக்கம் இல்லை. அதனாலேயே அவளைப் பிடித்திருக்கிறது.

"மேடம், ஏதாவது ஒரு ஹாபி வச்சிக்கிடுங்க. குரோஷா பின்னுங்க. வெரலுக்கு நல்லது, மனசுக்கும் நல்லது."

"மனசுக்கு என்ன வந்தது?"

"ஒண்ணுமில்ல. அரை மணி நேரமா வாசலையே பாக்கீங்க."

இது போன வாரம். குரோஷா ஊசியும் நூலும் வாங்கிவந்தாள் பேச்சி. நான்கு நாள் பின்னினேன். கைக்குட்டை என்று தொடங்கியது தேன்கூடாக முடிந்தது. பேச்சி அதை வெங்காயம் தொங்கவிட எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மைதானத்தில் சிரிப்பு மன்றம். காலை ஆறு மணி. இருபது முதியவர்கள் வட்டமாக நின்று கைகளை உயர்த்தி, காரணமின்றி, கட்டளைப்படி சிரிக்கிறார்கள். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் விசில் ஊதி அடுத்த வகைச் சிரிப்பை அறிவிக்கிறார். மூன்றாவது வகை 'மோட்டார் சைக்கிள் சிரிப்பு': கைப்பிடியைத் திருகுவதுபோல் பாவனை செய்து, இஞ்சின் சத்தமாகச் சிரிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

மாடியில் தொட்டிச் செடிகள் வைக்க மண் வந்தது. எமிலி ஒரு டப்பாவில் மீன் புட்டு அனுப்பியிருக்கிறாள். நான் சைவம் என்பது அவளுக்கு முப்பத்தோராண்டுகளாகத் தெரியும். அது ஒரு கேலி. டப்பாவைக் கழுவி, ஒரு கை கறிவேப்பிலையைப் போட்டுத் திருப்பி அனுப்பினேன். மீன் புட்டைப் பேச்சி தின்றாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று வலது கையால் எழுதுகிறேன். பேனாவைப் பிடிக்க முடிகிறது. பிழிய முடியவில்லை. ஈரத்துணியைப் பேச்சியிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

காவல் நிலையத்திலிருந்து வண்டி வந்துவிட்டது. பின்கட்டுக் கொட்டகையில் நிற்கிறது. பழைய மாதிரி வண்டி, வலது காலில் கியர். முறுக்குவது வலது கை, முன் பிரேக் வலது கை, கியர் வலது கால். எனக்குக் கெட்டது எல்லாம் வலது. இதைவிடத் துல்லியமாக ஒரு விபத்தை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது.

சனிக்கிழமை வழக்கத்தை எழுதிவைக்கிறேன். காலை ஆறு மணிக்கு எமிலி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவேன். கல்லூரி நூலகராக இருந்தவள், நேரம் தவற மாட்டாள். பிளாஸ்க்கோடு நிற்பாள். சேலையில் ஒருபக்கமாக உட்காருவாள். சுடிதார் போடு, கால் போட்டு உட்கார் என்று சொல்லிப் பத்தாண்டுகளில் அலுத்துவிட்டேன். காற்றில் பேச்சு கேட்காது. ஆகவே ஒரு முறை வைத்திருந்தோம். என் இடது தோளில் ஒரு தட்டு: மெதுவாகப் போ. இரண்டு தட்டு: நிறுத்து. காரணம் கேட்கக்கூடாது, நிறுத்திய பிறகு கேட்கலாம். சேலை முந்தி சக்கரத்தில் சிக்கப் போனபோது தட்டினாள். எனக்குத் தெரியாத பள்ளம் அவளுக்குத் தெரிந்தபோது தட்டினாள். ஒருமுறை மயில் பார்க்கத் தட்டினாள். அப்போதும் நிறுத்திவிட்டுத்தான் திட்டினேன்.

அது ஒழுங்கான ஏற்பாடு. இத்தோடு போதும்.

ஆகஸ்ட் 14, புதன்

கத்தரி நாற்றுகள் முளைத்தன. தினமும் அரை மில்லிமீட்டர் வளர்கின்றன. அளந்தேன். இதை உட்கார்ந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பேச்சி தரை துடைத்துக்கொண்டே கேட்டாள்: "டீச்சரம்மா, அந்த ஆடு என்ன நெறம்?"

"கறுப்பு."

"போன மாசம் எதிர்வீட்டம்மா கேட்டப்ப செவலைன்னிய."

"எட்டேகால் மணி வெயில். நிறம் எப்படி வேண்டுமானாலும் தெரியும்."

"எமிலியம்மாவும் ஆடுன்னுதான் சொல்லுதாவ. நெறம் கேட்டா தெரியாதுங்காவ." துணியைப் பிழிந்தாள். "எனக்கென்ன, எந்த நெறமா இருந்தாலும் விழுந்தது நீங்கதான்."

ஆம், எமிலியும் ஆடு என்றே சொல்லிவருகிறாள். காவலரிடம் நான் சொன்னதை, அடுத்த வார்டில் தன் மகன் சாமுவேலிடம் அவளும் சொன்னாளாம். அவளுடைய பெருந்தன்மை எனக்கு ஒருபோதும் ஒத்துக்கொண்டதில்லை.

ஆகஸ்ட் 17, சனி

கத்தரியைத் தாசில்தார் மனைவிக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

பறவை பார்த்தல். இரவல் தொலைநோக்கி, கோடு போட்ட நோட்டு. மாடியிலிருந்து மூன்று நாள்களில் காகம் நூற்றிருபது, மைனா நாற்பது, தவிட்டுக்குருவி ஏழு, தாசில்தார் ஒன்று. அவரும் தொலைநோக்கி வைத்திருக்கிறார். எதைப் பார்க்கிறார் என்று தெரியவில்லை.

பேச்சி போனபின் கொட்டகைக்குப் போனேன். வண்டியில் ஏறி உட்கார ஏழு நிமிடம் ஆனது. முன் பிரேக்கை இழுத்தேன். பாதி வரை வந்தது. அதற்கு மேல் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. இன்னும் பத்துமுறை இழுத்தேன், பரிசோதனை என்றால் ஒருமுறை போதாது. பத்துமுறையும் அதே பாதி.

பின் இருக்கையைத் துணியால் துடைத்துவிட்டு இறங்கினேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஷகிலா, போன வாரம்: "மேடம், புடிமானம் இதுக்கு மேல பெருசா கூடாது. எழுதலாம், சமைக்கலாம், பஸ்ல கம்பியப் புடிக்கலாம். அதுக்கு மேல ஆசப்படாதீங்க."

"மலையாளம் படிக்கலாமா?"

"அதுக்குக் கை எதுக்கு?"

மலையாள எழுத்துப் புத்தகம் வந்தது. இரண்டு நாளில் எழுத்துகளைப் பிடித்துவிட்டேன். பிடித்தபின் அதில் எனக்கு வேலையில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பேச்சி சொன்னாள்: "சாமு தம்பி எமிலியம்மாவக் கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போகணும்னு நிக்கி. நீங்க போயி ஒரு வார்த்த பேசுங்க. பத்து வாரமாச்சு. மூணு படிக்கி ரெண்டு பேரு புடிச்சா போதும், நான் ஒரு ஆளு, தூண் ஒரு ஆளு."

நாளை போகிறேன். நடந்தது எமிலிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தவர்கள் இருவர் பேசுவதில் சிரமமிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 31, சனி

போனேன்.

நூலகத்தில் இருந்ததுபோலவே உட்கார்ந்திருந்தாள், முதுகு நேராக, மடியில் புத்தகம். "வாட்டி ஆவுடை. இப்பதான் வழி தெரிஞ்சுதாக்கும்? உனக்கு முழங்காலா, இல்ல மூளையே போயிட்டா?" என்றாள். அழுவாள் என்று நினைத்திருந்தேன். திட்டினாள். எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நான் வழியில் கோத்துவைத்திருந்த வாக்கியத்தைத் தொடங்கினேன். "எமிலி, அன்னைக்கி ரோட்டுல..."

"எனக்கு அன்னைக்கி எதுவுமே ஞாபகம் இல்ல தெரியுமா?" என்றாள். "முந்தின நாள் வெள்ளிக்கிழம ராத்திரி சப்பாத்தி போட்டது ஞாபகம் இருக்கு. பெறவு ஆஸ்பத்திரிக் கூரைதான். நடுவுல ஒண்ணுமில்ல. தலையில அடிபட்டா அப்படித்தானாம். திரும்பியும் வராதாம். நீ ஆடுன்னு சொன்னதா நர்ஸ் சொன்னா, சரின்னு நானும் சொல்லிட்டிருக்கேன்." சிரித்தாள். "சபைக்காரங்க வந்து கேக்கும்போது கொஞ்சம் சேத்தும் சொல்லுதேன். குட்டி ஆடு, தாயத் தேடி ஓடி வந்துதுன்னு. நல்லா அழுதாவ."

காபி குடித்தேன். மூன்று படியிலும் உதவியில்லாமல் இறங்கினேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அந்தச் சாலையில் ஆடு இல்லை. பத்து வாரமாக அவள் எனக்காகப் பொய் சொல்கிறாள் என்று எண்ணி அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். அவள் பொய் சொல்லவில்லை. நம்பியிருக்கிறாள்.

நடந்தது இது. கல்லிடைக்குறிச்சியில் தேநீருக்கு நிறுத்தினோம். எமிலி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "சாமு கூட கோயம்புத்தூர் போறேன். முடிவு பண்ணிட்டேன்." ஏன் என்று கேட்டேன். "முப்பத்தோரு வருசமா நீ போற எடத்துக்குத்தான் நான் வந்திருக்கேன். ஒரு நாளாவது எமிலி, நீ எங்க போணும்னு கேட்டிருக்கியா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாக, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வதுபோல் சொன்னாள்.

வண்டியை உதைத்தேன். சாலை காலியாக இருந்தது. முறுக்கினேன். ஒரு தட்டு தட்டினாள். கொஞ்ச தூரத்தில் இரண்டு தட்டு. நான் இன்னும் முறுக்கினேன். மறுபடியும் இரண்டு. தோளில் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்துதான் நிறுத்தவில்லை. வளைவில் சாலைப் பணிக்குக் கொட்டிய ஜல்லி கிடந்தது.

இதுதான். காவலர் வந்தபோது வாயில் ஆடு வந்தது.

செப்டம்பர் 3, செவ்வாய்

சாட்சி இல்லை. நான் ஒருத்திதான். ஒரே ஒரு அளவீட்டை நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த வாதத்தை இரண்டு நாளாகச் செதுக்குகிறேன். நன்றாகவே வந்திருக்கிறது. ஒரு பயனுமில்லை.

இன்னொன்று. உண்மையைச் சொன்னால் நிறுத்தாததை மட்டும் சொல்ல முடியாது. அவள் போவதாகச் சொன்னதையும் சொல்ல வேண்டும். அந்த முடிவு அவள் தலையிலிருந்து அழிந்துபோயிருக்கிறது. என்னிடம்தான் இருக்கிறது.

செப்டம்பர் 7, சனி

எமிலியின் தேவாலய நூலகத்தில் அறுநூறு பழைய புத்தகங்களைப் பட்டியலிட வேண்டும். எழுந்து நடக்க முடியாததால் புத்தகங்களை வீட்டுக்கே வரவழைத்திருக்கிறாள். அவள் சொல்ல நான் அட்டையில் எழுதினேன். தூசியில் இருவரும் தும்மினோம். ஒரு புத்தகத்தில் நாற்பது ஆண்டுகளாகத் திருப்பிக் கொடுக்காதவரின் பெயர் இருந்தது, அவர் காலமாகிவிட்டார். "அபராதத்த மேல போயி வாங்கிக்கிடுதேன்" என்றாள்.

மூன்று மணி நேரம் போனது தெரியவில்லை. ஷகிலா கேட்டால், ஒரு பொழுதுபோக்கு அகப்பட்டுவிட்டது என்று சொல்லலாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பட்டியல். எழுபத்திரண்டு அட்டைகள்.

செப்டம்பர் 9, திங்கள்

நாற்பது அட்டைகள். எமிலி எனக்காகத் தனியாக வெங்காய சாம்பார் வைக்கச் சொல்லியிருந்தாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

நான் எழுதிக்கொண்டிருந்தபோது சாமுவேல் தொலைபேசியில் அழைத்தான். அவள் அதை ஒலிபெருக்கியில் போட்டாள். காது மந்தம்.

"அம்மா, வீடு ரெடியா இருக்கு. தரைத்தளம். பக்கத்துலயே சர்ச். ஏன் பிடிவாதம் புடிக்கீங்க?"

"எனக்கு இங்கதான்டா எல்லாம். வரமாட்டேன்."

"மறுபடி அந்த ஆண்டி வண்டியில ஏறவா?"

"அவளுக்கே ஏற முடியாது, என்ன எங்க ஏத்துவா? சாமு, ஒண்ணு தெரிஞ்சிக்க. முப்பத்தோரு வருசம் என் ஜீவன அவ கையில குடுத்திருக்கேன். ஒரே ஒரு தடவகூட நான் தட்டி அவ நிக்காம இருந்தது கெடையாது. நீ என்னத்தக் கண்ட?"

அட்டையில் நூலாசிரியர் பெயரை எழுதவேண்டிய இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது, அட்டை பையில் இருந்தது.

செப்டம்பர் 11, புதன்

போகவில்லை. முழங்கால் வலி என்று பேச்சியிடம் சொல்லியனுப்பினேன். முழங்கால் நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 12, வியாழன்

சொல்லிவிட்டேன்.

உட்காரவில்லை. நின்றுகொண்டே, வகுப்பில் தேற்றம் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னேன். தேநீர்க்கடை. அவள் சொன்ன முடிவு, அவள் சொன்ன காரணம், சொன்ன அதே வார்த்தைகளில். பிறகு முறுக்கியது. ஜல்லி.

எமிலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள்.

"எத்தன தடவ தட்டினேன்?"

"மொதல்ல ஒண்ணு. பெறவு ரெண்டு. பெறவும் ரெண்டு."

"உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும்..."

"தெரிஞ்சும்தான்."

"நான் போறேன்னு சொன்னதுக்காகவா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு வார்த்தையில் பதில் இருந்தது. ஆமென்று தலையை மட்டும் அசைத்தேன் என்று நினைக்கிறேன்.

எமிலி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "அந்த ஆட்டுக்காக நான் ஜெபம் பண்ணியிருக்கேன், தெரியுமா?" என்றாள். "அது அடிபடாமத் தப்பிச்சிட்டுன்னு தினமும் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கேன். இல்லாத ஆட்டுக்கு."

அப்போது சிரிப்பு வந்திருக்க வேண்டும். இருவருக்கும் வரவில்லை.

"விழுந்ததுகூட ஒரு நிமிசம், ஆவுடை. பதினோரு வாரம் நான் ஊரெல்லாம் உன் பொய்யச் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். ஒரு ஆள விட்டு நிறுத்தச் சொல்லியிருக்கலாமே நீ." பிறகு, "வீட்டுக்குப் போ. நானா கூப்பிடுத வரைக்கும் வராத" என்றாள்.

வந்துவிட்டேன். மூன்றாவது படியில் தூணைப் பிடிக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 14, சனி

எதுவும் கற்றுக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

தாசில்தார் மனைவி கத்தரிக்காய் கொண்டுவந்தாள். என் நாற்றில் காய்த்த முதல் காய்களாம். இவ்வளவு சீக்கிரம் காய்க்காது, கடையில் வாங்கியவை. ஏன் வாங்கிவந்தாள் என்று கேட்கவில்லை. அவளை உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள், இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செப்டம்பர் 18, புதன்

பேச்சி: "சாமு தம்பி வந்திருக்கி. காருல. பெட்டியெல்லாம் எறக்கித் தொறந்து வச்சிருக்கி. எமிலியம்மா ஒண்ணும் பேச மாட்டேங்காவ. புத்தகத்த எல்லாம் கோயிலுக்கே திருப்பி அனுப்பிட்டாவ."

"அட்டைகள்?"

"அது மேசையிலயே இருக்கு." துடைப்பத்தை ஓரமாக வைத்தாள். "டீச்சரம்மா, என்னதான் சொன்னிய அவியட்ட?"

"நடந்ததைச் சொன்னேன்."

"ஆடு இல்லன்னா?"

திரும்பிப் பார்த்தேன்.

"ஆமா, ரெண்டு நெறத்துல ஒரு ஆடு. எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள் பேச்சி. "சோறு ஆறுது. சாப்பிடுங்க."

செப்டம்பர் 21, சனி

வண்டியின் சாவியைக் கொடுத்துவிட்டேன். மகளிர் தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து இரண்டு பெண் பயிற்றுநர்கள் வந்து சிறிய லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாணவிகள் பிரித்துப் பிரித்துப் பூட்டிப் பழக. அதில் ஒருத்தி, "மேடம், இத நீங்களா ஓட்டினீங்க?" என்றாள். மற்றவள் பின் இருக்கையைத் தட்டிப்பார்த்து, "ஸ்பிரிங் ஒரு பக்கமா இறங்கியிருக்கு" என்றாள். முப்பத்தோராண்டு ஒருபக்கமாக உட்கார்ந்தால் இறங்கத்தான் செய்யும்.

கொட்டகை பெரிதாகத் தெரிகிறது. எதற்கும் பயன்படாது.

செப்டம்பர் 23, திங்கள்

சாமுவேலின் கார் இன்னும் நிற்கிறதாம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நிற்கிறதாம்.

செப்டம்பர் 25, புதன்

காலையில் கார் போய்விட்டது என்றாள் பேச்சி. எமிலி அதில் போனாளா என்று நான் கேட்கவில்லை. பேச்சியும் சொல்லவில்லை. அவள் வேண்டுமென்றே பாத்திரங்களை மெதுவாகத் தேய்த்தாள். இப்படி ஒரு கொடுமைக்காரியை இருபது ஆண்டுகளாக வீட்டில் வைத்திருக்கிறேன். கடைசித் தட்டையும் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "மதியம் எமிலியம்மாக்கு அவியல் வைக்கணும். கொஞ்சம் தேங்கா குடுங்க."

முழுத் தேங்காயையும் கொடுத்தேன்.

செப்டம்பர் 26, வியாழன்

பதினொரு மணிக்குத் தொலைபேசி.

"ஏட்டி, நான்தான்."

"தெரியுது."

"சாமுட்ட சொல்லிட்டேன், ஆடு கெடையாதுன்னு. சபையிலயும் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுச் சொல்லிட்டிருக்கேன். பாதிப் பேரு நம்ப மாட்டேங்காவ, அவியளுக்கு ஆடுதான் வேணுமாம்."

"சாமு என்ன சொன்னான்?"

"உன்ன வாசப்படி ஏத்தப்படாதுன்னான். உடனே கெளம்புங்கன்னான். அம்மாவே முன்னாடி முடிவு பண்ணின விசயம்தானேன்னான். சரிதான், பண்ணியிருக்கேன். ஆனா பண்ணினவ யாருன்னே எனக்கு ஞாபகம் இல்லையே. அதனால புதுசா முடிவு பண்ணினேன்."

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"அவன் வண்டியக் கொண்டு வந்து ஏறுங்கான். நீயும் அப்படித்தான் வாசல்ல கொண்டு வந்து நிறுத்தின. ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான். கோயம்புத்தூருக்கும் போகல, நீ சொல்லுத எடத்துக்கும் வரல. நாளைக்கி காலைல பத்து மணிக்கு வா. டவுன் பஸ்ல போவோம்."

"எங்க?"

"கேட்டியா, ஆரம்பிச்சிட்ட." மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. "உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்கிடாத. அதுக்கு இன்னும் நாளாவும். ஆவாமலும் போவும். கம்பு ஊணிக்கிட்டுத் தனியா பஸ்ல ஏற முடியாது, ஒரு ஆளு வேணும். அம்புட்டுதான்."

"சரி" என்றேன்.

வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 27, வெள்ளி

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போய் நின்றேன். வாசலில் பிளாஸ்க் இல்லை. எமிலியின் ஒரு கையில் கம்பு, மறுகையில் பை. அவள் முன்னால் நடந்தாள். நிறுத்தத்தில் மூன்று பேருந்துகள் வந்து போயின. ஒவ்வொன்றுக்கும் நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். அவள் அசையவில்லை. நான்காவது வந்ததும் கம்பை நீட்டினாள்.

படி உயரம். நான் பின்னாலிருந்து அவள் முழங்கையைத் தாங்கினேன். என் வலது கையால், பாதிப் பிடிதான். போதுமாக இருந்தது. சன்னலோர இருக்கையை அவளே எடுத்துக்கொண்டாள்.

நடத்துனர் சீட்டுக்கட்டோடு வந்தார். வயதையும் முடியையும் பார்த்து என்னிடம் கேட்டார்: "எங்கம்மா போணும்?"

"அவங்கள்ட்ட கேளுங்க" என்றேன்.

எமிலி உடனே சொல்லவில்லை. பையைச் சரியாக மடியில் வைத்தாள், கம்பைச் சாய்த்தாள், நடத்துனரைக் காத்திருக்கவைத்தாள். பிறகு ஓர் ஊரின் பெயரைச் சொன்னாள். இந்த மாவட்டத்தில் நான் போகாத சாலை இல்லை என்று முப்பதாண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறேன். அந்த ஊருக்கு நான் போனதில்லை.